முடிவு காணாத கொத்தனார்



தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பலனை அநுபவிக்கக் கொடுத்துவைத்தவன் ஒருவன்; அதைக் கண்ணால் பார்க்க மட்டும் கொடுத்துவைத்தவன் மற்றொருவன். பார்க்கவும் கொடுத்துவைக்காத மூன்றாமவன் ஒருவன் உண்டு. அவனைப்பற்றிப் பழமொழி ஒன்றும் சொல்லவில்லை. இவ்வாரம் நாம் சிந்திக்க வேண்டியவன் அவனே.

முடிவைத் தான் காணப்போவதில்லை என்று தெரிந்திருந்தும் ஒரு காரியத்தைத் தொடங்குவது புத்தியா, புத்தியீனமா? அது புண்ணியமா, வீண் செலவா?

பள்ளிப் பிள்ளைகள் மேடையில் வாதாட எடுத்துக்கொள்ளும் கேள்வியைப்போல் இது தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வி உங்கள் வீடுகளில் குடியிருக்கிறது. குடியில் விழுந்த புருஷனுக்காக இருபது வருஷமாய்த் தினம் ஐம்பத்துமூன்று மணி ஜெபமாலை சொல்லிவரும் மனைவி இந்தப் பங்கில் உண்டு. வாய் பேச வராத பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு சொல்லாகக் கற்பிக்கும் தாய் உண்டு. இவர் சொல்லிக்கொடுத்த மந்திரங்களை வாயில் வைத்துக்கொண்டு ஊரைவிட்டும் தேசத்தைவிட்டும் போய்விட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இன்றைக்குக் கோவிலுக்குப் போகிறார்களோ என்று ஏங்கும் பழைய உபதேசியார் உண்டு. கோவில் கட்டட நிதிக்கென்று முந்தானை முடிச்சை அவிழ்த்து ரூபாயை எடுத்துக் கொடுத்துவிட்டு, “சாமி, இதைப் பார்க்க நான் இருக்கமாட்டேன்” என்று சிரிக்கும் கிழவியும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். ஆறுதலுக்காகச் சொல்லும் பதில் போதாது. உண்மையான பதில் வேண்டும்.

முதலில் இதற்கு எதிராய் நிற்கும் நியாயத்தைக் கேட்போம். அது சாதாரணமான நியாயமல்ல, சுவிசேஷத்திலேயே இருக்கிறது. அர்ச். லூக்காஸ் எழுதின சுவிசேஷத்தின் 14-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் ஒரு கோபுரத்தைப்பற்றிப் பேசுகிறார். கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிட மாட்டானா என்று கேட்கிறார். கணக்கிடாமல் கடைக்கால் போட்டுவிட்டு முடிக்க முடியாமல் நிற்பவனை, பார்க்கிறவர்கள் எல்லாம் பரிகசிப்பார்கள் என்கிறார். அப்படியானால், முடிக்க முடியாததைத் தொடங்கினவனை ஆண்டவரே குறை சொல்லிவிட்டார் என்றல்லவா ஆகிறது? இதற்குச் சமாதானம் காணாமல் மேலே போக முடியாது. அதைக் காண்பதற்கு இரண்டு கட்டடங்களைப் பார்த்து வருவோம். ஒன்று நம் வீட்டு மாடியிலிருந்தே தெரிவது. மற்றொன்று கடல் கடந்து இத்தாலியா தேசத்தில் இருப்பது.

அக்கரைக் கோபுரம்

காவேரிக்கு அக்கரையில் திருவரங்கத்துத் தெற்கு வாசலில் நிற்கும் இராஜகோபுரத்தைத் தெரியாதவர் திருச்சியில் இல்லை. 13 நிலைகள், 236 அடி உயரம். மலைக்கோட்டை உச்சியில் ஏறி நின்று வடக்கே பார்த்தால், ஆற்றையும் தென்னந்தோப்புகளையும் தாண்டி முதலில் கண்ணில் படுவது அதுதான். ஆனால் உங்களில் வயதானவர்களுக்கு அந்த இடத்தில் வேறொரு காட்சி நினைவிருக்கும். அவர்கள் சின்னப் பிள்ளைகளாய் இருந்தபோது அங்கே இருந்தது மொட்டைக் கோபுரம். கருங்கல்லாலான அடிக்கட்டும், பெரிய வாசலும் மட்டுமே உண்டு, மேலே ஆகாயம்.

அந்த அடிக்கட்டு விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தது. அவர் 1529 முதல் 1542 வரை ஆண்டவர். அவருக்குப்பின் வேலை நின்றுபோயிற்று. 400 ஆண்டுகளுக்கு மேலாக அது அப்படியே நின்றது. நாயக்கர்கள் வந்தார்கள், போனார்கள், நவாபுகளும் பிரெஞ்சுக்காரரும் இங்கிலீஷ்காரரும் இந்தக் காவேரிக் கரையில் சண்டை போட்டார்கள், இரயில் வந்தது, தேசம் சுதந்தரம் அடைந்தது. மொட்டைக் கோபுரம் மொட்டையாகவே இருந்தது. கடைசியில் அகோபில மடத்தின் 44-ஆம் பட்டத்து ஜீயர் சுவாமிகள் முயற்சியெடுத்து 1979-இல் வேலையைத் தொடங்கினார். பல ஊர்களிலிருந்தும் கொடையாளர்கள் உதவினார்கள். எட்டே ஆண்டுகளில் 13 நிலைகளும் எழுந்து, 1987-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்தது.

வேதத்தால் அவர்கள் வேறு, நாம் வேறு. என்றாலும் அயலாருடைய வேலையிலிருந்து பாடம் கற்றுக்கொள்வதற்கு வேதம் தடையல்ல. 1542-இல் செத்தவருடைய காரியம் 1987-இல் முடிந்தது. இடைப்பட்ட 445 ஆண்டுகளில் அந்த வாசலில் நுழைந்தவர்கள் எத்தனை இலட்சம் பேரோ! இதைத் தொடங்கிவைத்தவன் புத்தியில்லாதவன் என்று அவர்களில் பலர் நினைத்திருக்கலாம். ஆனால் 1979-இல் வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. அந்த அடிக்கட்டின்மேல் 13 நிலையையும் ஏற்றினார்கள். அது தாங்கிற்று. இந்தக் கடைசி வார்த்தையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கூரையில்லாத பேராலயம்

இத்தாலியாவில் பிளோரன்ஸ் என்றொரு பட்டணம். அந்நாட்டார் அதை பிரென்சே என்கிறார்கள். நம் மதுரை மிஷனை 1606-இல் தொடங்கின தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி சுவாமியாருடைய வம்சத்தாரின் பூர்வீக ஊரான மோந்தேபுல்சியானோ அந்தப் பகுதியைச் சேர்ந்ததே. பிளோரன்சின் பேராலயத்துக்கு மலரின் அர்ச். மரியம்மாள் ஆலயம் என்று பெயர். 1296-இல் கடைக்கால் போட்டார்கள். திட்டம் வகுத்த அர்னோல்போ என்ற சிற்பி, வேலை நன்றாய் நடக்குமுன்பே இறந்துபோனார். பக்கத்திலுள்ள மணிக்கோபுரத்தை 1334-இல் தொடங்கின ஜியோத்தோ 1337-இல் இறந்தார். அது 1359-இல்தான் முடிந்தது. நடுவில் 1348-இல் கொள்ளைநோய் வந்து பட்டணத்து ஜனங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டுபோயிற்று.

இத்தனைக்குப் பிறகும் அவர்கள் ஆலயத்தைச் சுருக்கவில்லை, பெரிதாக்கினார்கள். 1367-இல் பட்டணத்தார் கூடி வாக்களித்து ஒரு மாதிரியை ஒப்புக்கொண்டார்கள். பீடத்துக்கு மேலே எட்டுப் பட்டையாய் ஒரு மகா கும்மட்டம் எழும்ப வேண்டும். அது மூடவேண்டிய வெளியின் அகலம் 140 அடிக்கு மேல். அது தொடங்கவேண்டிய உயரமோ தரையிலிருந்து 170 அடி. அவ்வளவு அகலத்தை அவ்வளவு உயரத்தில் எப்படி மூடுவது என்று அந்த நாளில் யாருக்கும் தெரியாது. வளைவு கட்டுகிற நம் கொத்தனார்களைக் கேட்டால் சொல்வார்கள்: முதலில் மரத்தால் சாரமும் வளைவுச் சட்டமும் கட்டி, அதன்மேல் கல்லை அடுக்கி, சுண்ணாம்பு இறுகினபின் மரத்தைப் பிரிக்க வேண்டும். அத்தனை உயரத்துக்கு, அத்தனை அகலத்துக்குச் சாரம் கட்டுவது நடக்கக்கூடிய காரியமாய் இல்லை. ஆகவே சுவர்கள் எழுந்தன, தூண்கள் எழுந்தன, நடுவிலோ ஆகாயம் தெரிந்தது. அந்த வாயைப் பார்த்தபடியே தலைமுறைகள் பிறந்து மடிந்தன.

1418-இல் ஒரு போட்டி அறிவித்தார்கள். பிலிப்போ புருனெல்லெஸ்கி என்பவர் முன்வந்தார். அவர் பழகின தொழில் பொற்கொல்லர் தொழில். தரையிலிருந்து சாரமே இல்லாமல் கட்டுவேன் என்றார். 1420-இல் வேலை தொடங்கியது. கும்மட்டத்தை ஒன்றாய்க் கட்டாமல், உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு ஓடுகளாய்க் கட்டினார். செங்கற்களைப் படுக்கையாக மட்டும் அடுக்காமல், இடையிடையே நிறுத்திவைத்து மீன்முள்ளைப்போல் பின்னிக்கொண்டே போனதால், ஒவ்வொரு வரிசையும் இறுகுவதற்குள் நழுவாமல் நின்றது. வெளியே பிதுங்காதபடி கல்லாலும் மரத்தாலும் வளையங்கள் போட்டு, பீப்பாய்க்குப் பட்டை போடுவதுபோல் கட்டினார். பாரத்தை மேலேற்ற மாடு சுற்றும் ஏற்றுப்பொறி ஒன்றையும் தாமே செய்தார். 16 ஆண்டுகளில் வாய் மூடிற்று. 1436-ஆம் வருஷம் மார்ச்சு 25-ஆம் தேதி, மங்கள வார்த்தைத் திருநாளன்று, நான்காம் எவுஜேனியுஸ் பாப்பரசர் அந்த ஆலயத்தை மந்திரித்தார். திருவரங்கத்துக் கோபுரமும் இதே மாதம் இதே தேதியில் நிறைவெய்தியது தற்செயலே. அதில் மறைபொருள் ஒன்றும் தேட வேண்டாம்.

கொத்தனார் படிகள்

சில ஆண்டுகளுக்கு முன் உரோமாபுரி யாத்திரை போனபோது அந்தக் கும்மட்டத்தில் ஏறினேன். 463 படிகள். ஏற்றும் இயந்திரம் எதுவும் கிடையாது. மலைக்கோட்டையில் ஏறிப் பழகின கால்தானே என்று தொடங்கினேன். மலைக்கோட்டைப் படி அகலமானது. நூறு பேர் ஏறலாம், நூறு பேர் இறங்கலாம். இதுவோ ஒரு ஆள் நுழையத்தக்க சந்து. பாதி வழிக்கு மேல், அந்த இரண்டு ஓடுகளுக்கும் நடுவே போகிறது. ஒரு பக்கத்துச் சுவர் தலைமேல் சாய்கிறது. மறு பக்கத்துச் சுவர் காலடியில் விலகுகிறது. யாத்திரிகருக்கென்று வெட்டப்பட்ட வழியல்ல அது. சுண்ணாம்பையும் செங்கல்லையும் சுமந்துகொண்டு ஆட்கள் தினமும் ஏறி இறங்கின வழி. அங்கே கையெட்டும் தூரத்தில் அந்த மீன்முள் வரிசைகளைப் பார்க்கலாம். கீழே பீடத்தண்டையில் நின்று அண்ணாந்து பார்ப்பவனுக்கு அவற்றில் ஒரு செங்கல்லும் தெரியாது. உட்புறத்தை முழுதும் நடுத்தீர்வைச் சித்திரம் மூடியிருக்கிறது. அந்தச் சித்திரத்துக்கும் அதே கதைதான்: 1572-இல் வஸாரி தொடங்கினார், 1574-இல் இறந்தார், 1579-இல் வேறொருவர் முடித்தார்.

உச்சியில் சலவைக்கல்லாலான விளக்கு மாடம் ஒன்று இருக்கிறது. அதன் அடியில் நின்று சுற்றிலும் பார்த்தேன். சிவந்த ஓட்டுக்கூரைகளும், ஆர்னோ ஆறும், தூரத்து மலைகளும் தெரிந்தன. பட்டணம் முழுவதும் தெரிந்தது. கும்மட்டம் மட்டும் தெரியவில்லை. அதன்மேல் நின்றுகொண்டிருப்பவனுக்கு அது எப்படித் தெரியும்? அந்த விளக்கு மாடத்தை வரைந்தவரும் புருனெல்லெஸ்கிதான். 1446-இல் அதன் வேலை தொடங்கின கொஞ்ச காலத்துக்குள் அவர் கண்ணை மூடினார். அதன் உச்சியில் செம்புக் கோளமும் சிலுவையும் ஏறினது 1471-இல். ஆலயத்தின் முன்முகப்போ 1887-இல்தான் முடிந்தது. கும்மட்டத்தின் எட்டுப் பக்கங்களில் ஒரு பக்கத்துக்கு மட்டும் அடியில் அலங்காரத் தாழ்வாரம் உண்டு. ஏழு பக்கம் இன்றைக்கும் மொட்டை. ஆகக் கூடி, உலகமே வியக்கும் அந்த ஆலயத்தில் தன் வேலை முழுவதையும் கண்டு செத்தவனைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எது நம் கையில்?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒரு செயல் நல்லதா கெட்டதா என்பதை, செய்த பொருளையும், செய்தவனுடைய நோக்கத்தையும், செய்த சூழ்நிலையையும் கொண்டு தீர்க்க வேண்டும் என்று அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் கற்பித்தார். பின்னால் நேரிடப்போகிறதும், செய்தவனால் அறியக்கூடாததுமான ஒரு பலனைக் கொண்டு அதைத் தீர்க்கலாகாது. யோசித்துப் பாருங்கள். அர்னோல்போவின் வேலை 1436-இல் கும்மட்டம் மூடினபோதுதான் நல்ல வேலையாயிற்றா? அதற்கு முந்தின நாள்வரை அது கெட்ட வேலையா? செத்து நூற்றாண்டு கழிந்தவனுக்கு அன்றைக்குத்தான் புண்ணியம் சேர்ந்ததா? அப்படிச் சொல்வது நகைப்புக்கிடம். அவன் கல்லை நட்ட அன்றைக்கே அது நல்லதாய் இருந்தது. அல்லது என்றைக்கும் நல்லதாய் இருந்ததில்லை. இதைக் கற்பித்த அக்குவினாசே தம்முடைய மகா வேதசாஸ்திர நூலை முடிக்கவில்லை. 1273 டிசம்பரில் எழுதுகோலை வைத்தார், 1274-இல் மரித்தார். முடியாத அந்த நூலைத்தான் திருச்சபை இன்றுவரைக்கும் படித்துவருகிறது.

அப்படியானால் தொடங்கினதெல்லாம் நல்லதா என்றால், இல்லை. பிளோரன்சுக்குத் தெற்கே சியன்னா என்ற பட்டணம் இருக்கிறது. பிளோரன்சோடு போட்டியுள்ள ஊர். அவர்களும் தங்கள் ஆலயத்தை மகா பெரிதாக்க எண்ணி 1339-இல் தொடங்கினார்கள். 1348-இல் அதே கொள்ளைநோய் வந்தது, வேலை நின்றது. நோய் போனபின் நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். கட்டினமட்டிலும் பழுது, பாரத்தைத் தாங்காது என்று கண்டார்கள். அபாயமான பகுதிகளை இடிக்க வேண்டியதாயிற்று. மிஞ்சின பெருஞ்சுவர் இன்றைக்கும் ஒற்றையாய் நிற்கிறது. ஜனங்கள் அதன்மேல் ஏறி ஊரைப் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவரும் அதன்மேல் கல் வைக்கவில்லை.

இரண்டு ஊரிலும் கொள்ளைநோய் வந்தது. இரண்டு ஊரிலும் தொடங்கினவர்கள் செத்தார்கள். நோய் அவர்கள் குற்றமன்று. சுவர் பழுதாய் இருந்தது மட்டுமே குற்றம். திருவரங்கத்து அடிக்கட்டு 400 ஆண்டு கழித்தும் தாங்கிற்று. பிளோரன்சின் தூண்கள் தாங்கின. சியன்னாச் சுவர் பத்தாண்டுக்குள் தாங்காது என்றாயிற்று. முடிப்பது நம் கையில் இல்லை. ஆனால், அடுத்தவன் நம்பி ஒரு கல் வைக்கும்படி நம் வரிசையைத் தூக்குக்குண்டுக்குச் சரியாய் நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. சர்வேசுரன் கணக்குக் கேட்பது நம் கையில் இருப்பதற்கு மாத்திரமே.

இப்போது சுவிசேஷத்தை மறுபடியும் திறந்து பாருங்கள். ஆண்டவர் அந்தக் கோபுரத்தைப்பற்றிப் பேசினது, தமக்குப் பின்னால் திரள்திரளாய் வந்தவர்களிடம். வேடிக்கைக்கு வருகிறாயா, உன்னையே கொடுக்க வருகிறாயா என்று கேட்டுத்தான் அதைச் சொன்னார். அங்கே போடச்சொன்ன கணக்கு ஆயுசுக் கணக்கு அல்ல, மனசுக் கணக்கு. உன் பங்கைக் கடைசிவரை கொடுப்பாயா என்பதே கேள்வி. அரை மனதோடு தொடங்கி, கஷ்டம் வந்ததும் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறவனையே அவர் கண்டிக்கிறார். தன் பங்கு முடியும்வரை கரண்டியைக் கீழே வைக்காமல் செத்தவனை அல்ல. சேசுநாதர் சுவாமி கல்வாரியில் தொங்கினபோது, அவர் தொடங்கின காரியம் மனுஷக் கண்ணுக்கு எப்படி இருந்தது? அப்போஸ்தலர்களில் பெரும்பாலோர் ஓடிப்போனார்கள். கீழே நின்றவர்கள் பரிகசித்தார்கள். முடிக்கமாட்டாமற்போன கோபுரக்காரனைப் பரிகசித்த அதே பரிகாசம். ஆனாலும் பிதாவானவர் தமக்குக் கொடுத்த வேலையைத் தாம் நிறைவேற்றினதாகவே அவர் உயிரை ஒப்படைத்தார்.

அவசரமும் ஆணவமும்

தன் பங்கைச் செம்மையாய்ச் செய்வது என்றால் என்ன? மூன்று காரியம் சொல்லுகிறேன்.

முதலாவது, முடிவைக் கண்டே தீரவேண்டும் என்ற அவசரத்துக்கு நீதியைப் பலியிடலாகாது. உரோமையில் அர்ச். இராயப்பர் தேவாலயத்தை 1506-இல் புதிதாய்க் கட்டத் தொடங்கினார்கள். பணம் பற்றவில்லை. பத்தாம் சிங்கராயர் பாப்பரசர் காலத்தில், தர்மம் கொடுத்தவர்களுக்குப் பரிபூரண பலன் என்று ஊர் ஊராய்ப் பிரசங்கித்து, அதைச் சந்தைச் சரக்குபோல் நடத்தினவர்கள் உண்டு. 1517-இல் லுத்தேர் அதை எதிர்த்து எழும்பினார். கிறீஸ்தவ உலகம் பிளந்தது. பிளவுக்கு வேறு காரணங்களும் இருந்தன. என்றாலும் தீப்பொறி அந்தக் கட்டடப் பணத்தில்தான் விழுந்தது. அதே தேவாலயத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. மிக்கேலாஞ்சலோ எழுபது வயதுக்கு மேல் அந்த வேலையை ஏற்றுக்கொண்டு, சர்வேசுரனுக்காகச் சம்பளமில்லாமல் செய்தார். 1564-இல் அவர் இறந்தபோது கும்மட்டம் எழும்பவில்லை, 1590-இல்தான் மூடினது. ஒரே கட்டடம், அவசரப்பட்டவர்கள் வீட்டைப் பிளந்தார்கள், காத்திருந்தவர் கும்மட்டத்தைக் கொடுத்தார்.

“கோவிலுக்குக் கொட்டும் பணத்தை ஏழைக்குக் கொடுக்கலாகாதா?” என்று கேட்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். அது நியாயமான கேள்வி. பட்டினி கிடக்கிறவனைத் தாண்டிப்போய்க் கோபுரத்தில் கல் வைக்கிறவன் கணக்குத் தெரியாதவன். சித்தாளின் கூலியைப் பாக்கி வைத்து எழுப்பின சுவர், எத்தனை தூக்குக்குண்டு பிடித்தாலும், சியன்னாச் சுவரே. ஆனால் தன் பசிக்குப்போக மிஞ்சினதிலிருந்து தன் பேரப்பிள்ளைகள் முழங்காலிட ஒரு கூரையை விரும்புகிற அந்தக் கிழவியை யாரும் தடுக்க வேண்டாம். அவளும் ஏழைதான், ஏழைக்குச் சோறு மட்டும் போதும் என்று தீர்ப்பதற்கு நாம் யார்?

இரண்டாவது, அடுத்தவனுக்கு இடம் விட வேண்டும். பிளோரன்சின் முன்னோர்கள் கும்மட்டத்தின் அளவையும் உருவத்தையும் விட்டுப்போனார்கள். கட்டும் முறையை விட்டுப்போகவில்லை. அது அவர்களுக்கே தெரியாது. ஆகையால் தங்களுக்குத் தெரியாததைப் புருனெல்லெஸ்கி கண்டுபிடிக்க இடமிருந்தது. திருவரங்கத்திலும் அடிக்கட்டு கருங்கல். மேல்நிலைகள் நம் காலத்துச் செங்கல்லும் சிமெண்டும் இரும்பும். அச்சுத தேவராயர் எழுந்து வந்து, “ஏன் கல்லால் கட்டவில்லை?” என்று சண்டைபோட நியாயமில்லை. தகப்பன்மாரே, தாய்மாரே, இது உங்களுக்கு. மகன் நான் சொன்ன படிப்பைத்தான் படிக்க வேண்டும், நான் சொன்ன தொழிலைத்தான் செய்ய வேண்டும், நான் கண்ட கனவைத்தான் காண வேண்டும் என்று அவனுடைய மேல்நிலையையும் நீங்களே கட்டப் பார்க்காதேயுங்கள். அவனுக்குப் பொய் சொல்லாத நாக்கையும், உழைப்புக்குக் கூசாத கையையும், தேவபயமுள்ள மனதையும் கொடுங்கள். அதுதான் கருங்கல் அடிக்கட்டு. அதன்மேல் அவன் எதைக் கட்டினாலும் தாங்கும்.

மூன்றாவது, முந்தினவன் விட்டுப்போனதை இகழாமல் எடுத்துக்கொள்ள வேண்டும். இது சுலபமல்ல. பிறத்தியான் தொடங்கினதை முடித்தால் நமக்குப் பெயர் வராது. அதனால்தான் எத்தனையோ சபைகளிலும் சங்கங்களிலும், புதிய தலைவர் வந்ததும் பழைய அடிக்கட்டைப் பெயர்த்துவிட்டுப் புதிதாய் வானம் தோண்டுகிறார்கள். வானம் தோண்டுவதிலேயே தலைமுறைகள் போய்விடுகின்றன. ஒரு நிலையும் எழும்புகிறதில்லை.

நாம் நிற்கும் வரிசை

திருச்சி வேதக்காரராகிய நாமே இப்படி ஒருவர்மேல் ஒருவராய் எழும்பின வரிசை. 1606-இல் மதுரைக்கு வந்த நொபிலி சுவாமியார் முதிர்ந்த வயதில், கண்பார்வை மங்கி, 1656-இல் மயிலாப்பூரில் மரித்தார். அவர் கண்டது சிறிய மந்தை. அதற்காக அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் தலையைக் கொடுத்தார். ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் தமிழால் அதை அலங்கரித்தார். பிறகு 1773-இல் சேசு சபையே கலைக்கப்பட்டது. அரை நூற்றாண்டுக்கு மேல் மதுரை மிஷன் மொட்டைக் கோபுரமாய் நின்றது. குருக்கள் அபூர்வம், உபதேசிமாரும் குடும்பத்து முதியோரும் ஜெபங்களை வாய்ப்பாடமாய்க் காத்தார்கள். சபை மீண்டும் எழுந்து, 1830-களின் இறுதியில் சுவாமிமார் திரும்பி வந்தபோது, கட்டுவதற்கு அடிக்கட்டு இருந்தது. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கின அர்ச். சூசையப்பர் கல்லூரி 1883-இல் திருச்சிக்கு வந்தது. தெப்பக்குளத்தருகே லூர்து மாதா கோவில் ஊசிக்கோபுரம் எழுந்தது. மலைக்கோட்டையிலிருந்து கீழே பார்க்கிறவனுக்கு அந்தக் கோபுரம் தெரியும். அரை நூற்றாண்டு இருட்டில் பேரப்பிள்ளைக்கு அருள்நிறை மந்திரம் சொல்லிக்கொடுத்த பாட்டிமார் தெரியமாட்டார்கள். கும்மட்டத்துக்குள்ளே மறைந்திருக்கும் மீன்முள் செங்கற்கள் அவர்களே.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடங்கினதற்கெல்லாம் முடிக்கிறவன் வந்தே தீருவான் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அந்த மனைவியின் ஜெபமாலையைக் கேட்டு அவள் புருஷன் இந்த உலகத்திலேயே திருந்துவான் என்றும் சொல்ல முடியாது. அவள் பங்கு செம்மையாய் நின்றது, அது வீணில்லை என்று மாத்திரம் சொல்ல முடியும். அவளுடைய பங்கில் அடியை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது அடங்காது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். தன்னையும் பிள்ளைகளையும் காப்பதும், வேண்டிய உதவியைக் கேட்பதும் அவள் பங்கே. பழுதான சுவரைத் தாங்கிப்பிடிக்கும்படி சர்வேசுரன் ஒருவரையும் கேட்கிறதில்லை.

தாவீது இராசா தேவாலயம் கட்ட ஆசைப்பட்டான். அவனுக்கு உத்தரவு கிடைக்கவில்லை. அவன் முறுக்கிக்கொண்டு உட்காரவில்லை. பொன்னையும் கல்லையும் கேதுரு மரத்தையும் சேர்த்துவைத்தான். மகன் சலோமோன் கட்டினான். அர்ச். சூசையப்பரை எண்ணிப்பாருங்கள். குழந்தையை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். நாசரேத்தில் தச்சுவேலை செய்து சோறு போட்டார். மரத்தை இழைக்கக் கற்றுக்கொடுத்தார். அந்தப் பிள்ளை செய்த ஒரு புதுமையையும் அவர் பார்த்ததாகச் சுவிசேஷத்தில் இல்லை. ஒரு பிரசங்கத்தையும் கேட்டதாக இல்லை. உயிர்த்த ஞாயிறு விடிவதற்கு முன்பே அவர் போய்விட்டார் என்று திருச்சபை பரம்பரையாய் எண்ணிவருகிறது. தொழிலாளிகளுக்கும் நல்ல மரணத்துக்கும் பாதுகாவலராக அவரையே நாம் வைத்திருக்கிறோம்.

ஆகையால் இந்த வாரம் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரியம் செய்யுங்கள். இராத்திரி ஜெபத்துக்குப்பின், உங்கள் வீட்டில் பாதியில் நிற்கிற நல்ல காரியம் எது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசுங்கள். தாத்தா தொடங்கி நின்றுபோன தர்மமாய் இருக்கலாம். பேச்சு நின்றுபோன உறவினரோடு சமாதானமாய் இருக்கலாம். முழுவதையும் இப்போதே முடித்துவிட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். ஒரு கல் வையுங்கள், நேராக வையுங்கள். உபதேசியார் வழக்கம்போல் ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு ஞானோபதேசம் நடத்துவார். பிள்ளைகளைத் தவறாமல் அனுப்புங்கள்.

சர்வேசுரன் உங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்